பிசினஸ் பிளான் எழுத வைத்தால் தொழில் ஆசை வளருமா, வற்றுமா?

வாசகர் கேள்வி, மார்ச் 2

கடைசி ஆண்டில் எங்களுக்கு பிசினஸ் பிளான் கட்டாயம். 5 பேர் கொண்ட குழு, 40 பக்கம், கடைசியில் நடுவர்கள் முன் பிட்ச், அதாவது யோசனையை எடுத்துச் சொல்லி விளக்குவது. பாடம் ஆரம்பித்தபோது 5 பேருக்குமே சொந்தத் தொழில் ஆசை இருந்தது. முடிந்தபோது எனக்கு மட்டும்தான் மிச்சம். மற்ற 4 பேரும் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் என்று விட்டுவிடலாம் என்றால், இது இருந்த ஆசையையும் அல்லவா கொல்கிறது? இந்தப் பாடத்தை எடுத்துவிட்டால் என்ன?

மார்ச் 3, இரவு 9:50

எடுக்கக் கூடாது. 11 வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் சூடாகவே சொல்கிறேன். பிளான் எழுதாத மாணவனுக்குத் தொழில் என்பது ஒரு பெயரும் ஒரு லோகோவும்தான். எழுத உட்கார்ந்த பிறகுதான் அடக்க விலை என்ன, யார் வாங்குவார், எத்தனை நாளில் பணம் தருவார், மூன்றாவது மாதம் சம்பளத்துக்கு எங்கே போவது என்ற கேள்விகள் வரும். கேள்வி வந்தால் பதில் தேடுவான், பதில் கிடைத்தால் தைரியம் வரும். பிளான் எழுதிய பிள்ளைகள் எழுதாதவர்களைவிடத் துணிச்சலாகத் தொழிலில் இறங்குவார்கள்.

மார்ச் 3, இரவு 10:35

மேலே கடைசி வரியை அவசரத்தில் எழுதிவிட்டேன். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

2010-ல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளை இந்தப் பாடம் நடத்துகிற எல்லோரும் படித்திருக்க வேண்டும். ஒன்று நெதர்லாந்தில் நடந்தது. மாணவர்கள் ஒரு கல்வியாண்டு முழுக்க நிஜமான குட்டி நிறுவனம் நடத்தினார்கள். ஆண்டு முடிவில் பார்த்தால் அவர்களுடைய திறனில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. தொழில் தொடங்கும் எண்ணமோ, அந்தத் திட்டத்தில் சேராத மாணவர்களோடு ஒப்பிட்டால் குறைந்திருந்தது. இன்னொன்று ஜெர்மனியில், மியூனிக்கில் ஒரு கட்டாயப் பாடத்தை வைத்துச் செய்தது. அங்கே தங்கள் திறன் கூடியதாக மாணவர்களே சொன்னார்கள். ஆனாலும் தொழில் தொடங்கும் எண்ணம் சற்று இறங்கியது.

2014-ல் 73 ஆய்வுகளை, 37,000-க்கு மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொழில்முனைவுக் கல்விக்கும் தொழில் எண்ணத்துக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் சிறியது. பாடத்துக்கு முன்பே இருந்த ஆசையைக் கணக்கில் கழித்துவிட்டால் அந்தச் சிறிய தொடர்பும் நிற்கவில்லை.

ஆக, உங்கள் குழுவில் நடந்தது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை.

மார்ச் 5, மாலை 6:20

இரண்டு நாளாக இதே யோசனை. ஆசை குறைந்தது என்று எழுதும்போதே ஏதோ கெட்டது நடந்த மாதிரி எழுதிவிடுகிறோம். கெட்டதுதானா? ஒரு மாணவியின் கணக்கை அப்படியே வைக்கிறேன்.

பழைய லேப்டாப்களை வாங்கி, பேட்டரியும் ஹார்டு டிஸ்க்கும் மாற்றி, சிறிய அலுவலகங்களுக்கு விற்பது அவளுடைய யோசனை. எண்களை எளிமையாக்கி, பணத்தை அலகு என்றே சொல்கிறேன். ஒரு லேப்டாப் வாங்க 100, பழுது பார்க்க 20, விற்பது 150. லாபம் 30. மாதம் 10 லேப்டாப் என்றால் 300. கைமுதல் 1,500. பக்கத்துக்குப் பக்கம் லாபம்தான், வரைபடம் மேலே மேலே போகிறது.

ரொக்க ஓட்டத்தை, அதாவது கையில் பணம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதை, மாதம் மாதமாகப் போடு என்றேன். அலுவலகங்கள் மாதக் கடைசியில் சரக்கை எடுத்துக்கொண்டு 60 நாள் கழித்துத்தான் பணம் தருவார்கள் என்று அவளே விசாரித்து எழுதியிருந்தாள். முதல் மாதத் தொடக்கத்தில் 1,200 வெளியே போகிறது, வரவு இல்லை. இரண்டாம் மாதம் இன்னொரு 1,200, அப்போதும் வரவு இல்லை. மூன்றாம் மாதம் மறுபடி 1,200. அதுவரை போனது 3,600. மூன்றாம் மாதக் கடைசியில்தான் முதல் 1,500 வருகிறது. கையில் 1,500 வைத்திருக்கிறவள் இரண்டாம் மாதமே நின்றுவிடுவாள். போட்ட பணம் முழுக்கத் திரும்பி வருவது 10-வது மாதக் கடைசியில்.

சிவப்பில் வந்த அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "மேடம், ஒவ்வொண்ணுலயும் லாபம் வருது, அப்புறம் காசு ஏன் இல்ல?" என்று கேட்டாள். ஃபார்முலா தப்பு என்று நினைத்து மூன்று தடவை சரிபார்த்தாள். தப்பில்லை.

அடுத்த வாரம் அவளாகவே அந்த அலுவலகங்களுக்கு போன் போட்டு, சரக்கு எடுக்கும்போதே பாதிப் பணம் கிடைக்குமா என்று கேட்டாள். பேசியது மூன்று இடம், இரண்டு ஒத்துக்கொண்டன. பாதி முன்னால், பாதி 60 நாளில் என்று வைத்தால் அதிகபட்சமாக வெளியே நிற்கும் பணம் 2,100. அப்போதும் 1,500 போதாது. அப்புறம் 10 லேப்டாப்பை 7 ஆக்கினாள். 1,470. கையில் 1,500.

30 அலகு மிச்சம் வைத்துக்கொண்டு தொழில் தொடங்குவது ஆபத்துதான். அதையும் அவளே சொன்னாள், 6 லேப்டாப் என்று திருத்தினாள். திறன் என்று நான் எதைச் சொல்கிறேன் என்று இப்போது புரியும் என நினைக்கிறேன். லாபமும் ரொக்கமும் வேறு என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது, அவளும் அதைப் படித்துத் தேர்வு எழுதியவள்தான். அந்தச் சிவப்புக் கட்டத்துக்கு முன்னால் அது அவளுக்குத் தெரியாது.

மார்ச் 5, மாலை 6:45

சொல்ல விட்டது: அவளோடு கூட்டாளியாக ஒரு பையன் இருந்தான். 10-வது மாதம் என்ற எண்ணைப் பார்த்ததும் விலகிக்கொண்டான். "மாசா மாசம் சம்பளம் வந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றான். இன்று நல்ல வேலையில் இருக்கிறான். இவனைத் தோல்விக் கணக்கில் எழுதுவீர்களா? நான் எழுத மாட்டேன். தன்னைப் பற்றி 20 வயதில் ஒரு உண்மை தெரிந்துகொண்டான், அதுவும் முதலுக்கே மோசம் வராமல். மியூனிக் ஆய்வைச் செய்தவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் விளக்குகிறார்கள். இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா, வராதா என்பதற்குப் பாடம் ஓர் அறிகுறி காட்டுகிறது. சிலர் உறுதியாகிறார்கள், சிலர் விலகுகிறார்கள். சராசரியை மட்டும் பார்த்தால் இறங்கின மாதிரி தெரியும்.

மார்ச் 8, காலை 7:10

5-ம் தேதி எழுதியதில் எனக்கே ஒரு முள் தைக்கிறது.

விலகுகிறவர்கள் எல்லோரும் தொழில் தனக்கு ஒத்துவராது என்று தெரிந்து விலகுகிறார்களா? வகுப்பில் யார் விலகுகிறார்கள் என்று பழைய வருடங்களை நினைத்துப் பார்த்தேன். வீட்டில் பின்பலம் இருக்கிற பிள்ளை 3,600 என்ற எண்ணைப் பார்த்ததும் அப்பாவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. அந்தப் பின்பலம் இல்லாத பிள்ளை அங்கேயே நிற்கிறது. இருவருக்கும் திறன் ஒன்று, யோசனையும் ஒன்று. ஏற்கெனவே இருந்த பயத்துக்கு நாம் ஓர் எண் கொடுத்தோம், அந்த எண்ணை எப்படிச் சின்னதாக்குவது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. பிறகு இதற்குத் தெளிவு என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

ஐசெக் ஐஸன் என்ற உளவியலாளர் 1991-ல் விரிவாக எழுதிய ஒரு கோட்பாடு இந்தத் துறையில் எல்லோரும் பயன்படுத்துவது. ஒரு காரியத்தைச் செய்யும் எண்ணம் மூன்றிலிருந்து பிறக்கிறது: எனக்கு அது பிடித்திருக்கிறதா, என்னைச் சுற்றி இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், என்னால் முடியுமா. பிளான் தொடுவது பெரும்பாலும் மூன்றாவதை. இரண்டாவது, வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது, எந்த எக்செல் தாளிலும் வருவதில்லை. வகுப்பில் அதைப் பேசுவதும் இல்லை. நான் பேசியதில்லை.

மார்ச் 8, காலை 7:25

மூன்றாவதையும் பிளான் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டும் நடக்கும்.

மார்ச் 11, இரவு 11:00

இந்த 40 பக்க வடிவம் எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும். ஹார்வர்டில் மைல்ஸ் மேஸ் 1947-ல் தொழில்முனைவுக்கென்று பாடம் நடத்தினார், 188 மாணவர்கள் சேர்ந்தார்கள். பல்கலைக்கழகங்களில் இந்தப் பாடத்தின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்வது வழக்கம். 1984-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிசினஸ் பிளான் போட்டி ஆரம்பமானது. பிறகு போட்டிகள் உலகம் முழுக்கப் பெருகின. போட்டி என்றால் நடுவர் உண்டு. நடுவர் முதலீட்டாளர் இடத்தில் உட்கார்கிறார். மாணவன் கஸ்டமரை விட்டுவிட்டு நடுவரைப் பார்த்து எழுத ஆரம்பிக்கிறான்.

நான் திருத்திய பிளான்களில் மறுபடி மறுபடி வருகிற ஒரு வரி: "சந்தையில் வெறும் 1% பிடித்தால் போதும்." இந்த வரியைப் பார்த்தாலே அந்தக் குழு ஒரு வாடிக்கையாளரிடம்கூடப் பேசவில்லை என்று தெரிந்துவிடும். அந்த 1% யார், எங்கே இருக்கிறார்கள், இன்று அந்த வேலைக்கு யாரிடம் போகிறார்கள், அவரை விட்டுவிட்டு ஏன் உங்களிடம் வர வேண்டும்? பதில் இருக்காது. ஸ்லைடு மட்டும் பளபளவென்று இருக்கும். பிட்ச் முடிந்ததும் கைதட்டு, சான்றிதழ், புகைப்படம். மறுநாள் அந்தக் குழுவில் யாருக்கும் அந்தத் தொழில் ஞாபகம் இருக்காது.

வாசகர் சொன்ன ஏட்டுச் சுரைக்காய் இதுதான். இந்த இடத்தில் அவரோடு முழுக்க உடன்படுகிறேன். 3-ம் தேதி எழுதியபோது இதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

மார்ச் 12, பகல் 1:15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் பிளானே வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. ஸ்வீடனில் 223 புதுத் தொழில்களைப் பின்தொடர்ந்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. திட்டமிட்டவர்கள் முதல் 30 மாதத்தில் கடையை மூடுவது குறைவாகவே இருந்தது. திட்டம் போடுவதால் நேரம் வீணாகும் என்ற வாதத்துக்கு இது நல்ல பதில். அந்த ஆய்வில் இருந்தவர்கள் தொழிலில் நிஜமாக இறங்கியவர்கள், மதிப்பெண்ணுக்கு எழுதியவர்கள் கிடையாது. வித்தியாசம் அங்கேதான்.

மார்ச் 15, இரவு 10:05

இதை எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவன் 9-வது வாரத்தில் வந்து பிளானை மாற்ற வேண்டும் என்றான். பகுதிநேர வேலைக்கு ஆள் தேடித் தரும் செயலி அவனுடைய முதல் யோசனை. 14 பேரிடம் பேசியிருக்கிறான். வேலை தேடுகிற மாணவர்கள் எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். வேலை கொடுக்கிறவர்கள் ஒருவர்கூட வேண்டும் என்று சொல்லவில்லை. தெரிந்தவர் மூலமாகத்தான் ஆள் எடுப்போம் என்றார்கள். ஒரு கோடு போட்ட நோட்டில் 14 பேர் சொன்னதையும் எழுதி வைத்திருந்தான். வேலை கொடுப்பவர்கள் பக்கத்தில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப வட்டமிட்டிருந்தான்: "நம்பிக்கை." அதனால் செயலியை விட்டுவிட்டு, சேருகிறவர்களுக்கு முதலில் தானே ஒரு வாரம் பயிற்சி கொடுத்து, தன் பொறுப்பில் அனுப்புகிற சின்ன சேவையாக மாற்ற நினைத்தான்.

நான் என்ன செய்தேன்? விதிப்படி 4-வது வாரத்துக்குப் பிறகு தலைப்பு மாற்றக் கூடாது என்றேன். அவன் பழைய தலைப்பிலேயே, தனக்கே நம்பிக்கை இல்லாத எண்களை நிரப்பி 40 பக்கம் கொடுத்தான். ஆர்வம் குறைவு என்று மதிப்பெண்ணையும் குறைத்தேன்.

2020-ல் வெளிவந்த இத்தாலிய ஆய்வைப் படித்தபோதுதான் அந்த நோட்டு ஞாபகத்துக்கு வந்தது. 116 புதுத் தொழில் குழுக்களை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் பயிற்சி உண்டு. ஒரு பக்கத்துக்கு மட்டும், உன் யோசனையை ஒரு கருதுகோளாக வைத்துக்கொள், சோதித்துப் பார், சோதனை சொல்வதைக் கேள் என்று கூடுதலாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தில்தான் அதிகம் பேர் வேறு யோசனைக்கு மாறினார்கள். வருமானத்திலும் அவர்கள்தான் மேலே இருந்தார்கள். அந்த மாணவன் யாரும் சொல்லிக் கொடுக்காமலே இதைச் செய்திருந்தான். வகுப்பிலேயே தொழில்முனைவோனைப் போல நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தான், அவனுக்குத்தான் மதிப்பெண் குறைத்தேன்.

அவனைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மேடம், அதெல்லாம் எப்பவோ" என்றான். அந்தச் சேவையைத் தொடங்கவில்லை. நான் அனுமதித்திருந்தால் தொடங்கியிருப்பானா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த நோட்டை வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லையாம்.

மார்ச் 16, காலை 6:40

இதற்கெல்லாம் பிறகு வகுப்பில் மாற்றியதைச் சொல்கிறேன்.

40 பக்கத்தை 12 ஆக்கினேன். முதல் தாள் எழுதுவதற்கு முன் 15 பேரிடம் பேச வேண்டும், அதில் வாங்கக்கூடியவர்கள் 10 பேராவது இருக்க வேண்டும். "1%" என்ற வரிக்கு இடமே கிடையாது, முதல் 10 வாடிக்கையாளர் யார் என்று எழுத வேண்டும். தலைப்பை எந்த வாரமும் மாற்றலாம். ஆனால் ஒரு தாள் தனியாக உண்டு: எதை நம்பினீர்கள், எதைப் பார்த்து அதை நீக்கினீர்கள், நீக்கிய இடத்தில் என்ன வைத்தீர்கள். மதிப்பெண்ணில் பெரும் பங்கு அந்தத் தாளுக்கு.

இன்னொரு கட்டம் சேர்த்தேன். எவ்வளவு சம்பாதிப்பாய் என்பதற்கு முன், எவ்வளவு போனால் தாங்குவாய் என்று எழுத வேண்டும். இது என் யோசனை கிடையாது. சரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியர் அனுபவமுள்ள 27 தொழில்முனைவோரை உட்காரவைத்து அவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று கவனித்தார். அவர்கள் எதிர்பார்க்கும் லாபத்திலிருந்து தொடங்கவில்லை. கையில் என்ன இருக்கிறது, எதை இழக்கலாம் என்பதிலிருந்துதான் தொடங்கினார்கள். லேப்டாப் மாணவி 10-ஐ 7 ஆக்கி, பிறகு 6 ஆக்கியது இதே வழிதான். 8-ம் தேதி எழுதிய முள்ளுக்கும் இது கொஞ்சம் மருந்து. பின்பலம் இல்லாத பிள்ளைக்கு 3,600 மலையாகத் தெரியும். உன்னால் எவ்வளவு முடியும் என்று கேட்டால் 400 என்று சொல்லும். 400-ல் எதைத் தொடங்கலாம் என்று பேச ஆரம்பித்தால் அந்தப் பிள்ளை எழுந்து போவதில்லை.

மார்ச் 16, காலை 6:55

ஒரு திருத்தம். 3-ம் தேதி குறிப்பில், கேள்வி வந்தால் பதில் தேடுவான் என்று எழுதினேன். எல்லோரும் தேடுவதில்லை. தேடுகிற பழக்கத்தைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோவில் 1,500 சிறுதொழில்காரர்களை வைத்துச் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில் இது பளிச்சென்று தெரிகிறது. ஒரு குழுவுக்கு கணக்கு, சந்தைப்படுத்தல் போன்ற வழக்கமான பயிற்சி. இன்னொரு குழுவுக்குத் தானாக முன்வருவது, வரப்போவதை முன்கூட்டி யோசிப்பது, தடை வந்தால் வழி மாற்றித் தொடர்வது என்று மனப்பழக்கம் சார்ந்த பயிற்சி. மூன்றாவது குழுவுக்குப் பயிற்சி இல்லை. மனப்பழக்கப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30% உயர்ந்தது. வழக்கமான பயிற்சியில் 11%தான், அதுவும் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. அவர்கள் மாணவர்கள் இல்லை, ஏற்கெனவே தொழில் செய்கிறவர்கள், அதனால் அப்படியே வகுப்புக்குப் பொருத்த மாட்டேன். இருந்தாலும் போன் போட்டுப் பாதிப் பணம் கேட்டவளையும் 14 பேரிடம் போய் நின்றவனையும் நினைக்கும்போது, பிளான் எழுதியதைவிட அவர்கள் எழுந்து போனதுதான் பெரிதாகத் தெரிகிறது. பிளான் அவர்களை எழுப்பிவிட்டது.

மார்ச் 20, இரவு 9:30

வாசகர் தன் குழுவின் எக்செல் தாளை அனுப்பியிருந்தார், நன்றி. விலகிய 4 பேரிடமும் எந்த வரியைப் பார்த்து மனசு விட்டது என்று கேட்கச் சொல்லியிருந்தேன், அதையும் கேட்டிருக்கிறார். இருவருக்குத் தொழிலே பிடிக்கவில்லை, நண்பர்களோடு இருக்கத்தான் சேர்ந்தார்களாம். ஒருவருக்கு வீட்டில் சம்மதமில்லை. நான்காமவர் மட்டும் 22-வது வரி என்று சொல்லியிருக்கிறார்.

22-வது வரியைப் பார்த்தேன். அச்சு இயந்திரம், முதல் மாதமே முழு விலையில் வாங்குவதாகப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் மொத்த முதலில் பாதிக்கு மேல் அந்த ஒரு கட்டத்தில் போகிறது. முதல் 6 மாதத்துக்கு உங்கள் ஆர்டர் கணிப்பையும் பார்த்தேன். அந்த இயந்திரம் வாரத்தில் 2 நாள் ஓடினால் அதிகம். அவ்வளவு வேலையை வெளியே கொடுத்து அடித்து வாங்கலாம். ஒரு பிரதிக்கு ஆகும் செலவு கூடும், லாபம் குறையும், ஆனால் முதல் மாதக் கட்டம் காலியாகிவிடும். ஆர்டர் வாரத்துக்கு 4 நாள் அளவுக்கு வந்த பிறகு இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

தாளின் நகலில் அந்த வரியை மட்டும் மாற்றிப் போட்டு, கீழே ரொக்க ஓட்டம் எப்படி மாறுகிறது என்று உங்கள் நண்பரிடம் காட்டுங்கள். வெளியே அடித்துத் தருகிறவர்களிடம் கேட்டு நிஜமான விலையைப் போடுங்கள், உங்கள் ஊகத்தைப் போடாதீர்கள். பார்த்துவிட்டும் வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். வற்புறுத்த வேண்டாம்.